புயலுக்கு முன்னே: கோபால்பூர்க் கடற்கரை கற்பிக்கும் பாடம்

ஒடிசா மாநிலத்தின் தென்பகுதியில், கஞ்சம் மாவட்டத்தில், வங்கக் கடலின் கரையில் அமைந்துள்ளது கோபால்பூர் என்னும் சிற்றூர். 1936-ஆம் ஆண்டு வரை இம்மாவட்டம் பழைய சென்னை மாகாணத்தின் வடகோடியாக விளங்கியது. அக்காலத்தில் இவ்வூர்த் துறையிலிருந்து கப்பல்கள் இரங்கூனுக்குச் சென்று வந்தன. அப்போக்குவரத்து அற்றுப்போன பின்னர் ஊரும் சுருங்கிற்று. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஏறத்தாழ ஏழாயிரம் மக்களே இங்கு வாழ்ந்தனர். கலங்கரை விளக்கம் ஒன்று, நீண்ட மணற்கரை, விடுமுறைக்கு வருவோர் தங்கும் விடுதிகள், மீனவர் குடியிருப்புகள் ஆகியவையே இவ்வூரின் அடையாளங்கள்.

2013-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் இரவு, பைலின் எனப் பெயரிடப்பட்ட கடும்புயல் இவ்வூரை ஒட்டிக் கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் வீசியது. மரங்கள் வேரோடு சாய்ந்தன; மின் கம்பங்கள் முறிந்தன; கூரைகள் பறந்தன. மாநிலம் முழுவதிலும் இலட்சக்கணக்கான வீடுகள் சேதமுற்றன. ஆயினும், அப்புயலாலும் அதனைத் தொடர்ந்த வெள்ளத்தாலும் ஒடிசாவில் மாண்டோரின் தொகை ஐம்பதை எட்டவில்லை.

இத்தொகையின் பொருளை உணர வேண்டுமாயின், பதினான்கு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் இதே மாநிலத்தின் பாராதீப் துறைமுகத்துக்கு அண்மையில் ஒரு பெரும்புயல் கரையேறியது. அதில் மாண்டோர், அரசாங்கக் கணக்கின்படியே, ஏறத்தாழ பத்தாயிரம் பேர். 1999-இல் அடித்த புயல் பைலினைவிட வலிமை வாய்ந்தது என்பதும், அது தாக்கிய இடம் கடல்நீர் எளிதில் ஏறும் தாழ்நிலம் என்பதும் உண்மையே. எனினும், பத்தாயிரத்துக்கும் ஐம்பதுக்கும் உள்ள இடைவெளியை இயற்கையின் வேறுபாடு ஒன்றே விளக்கிவிடாது. இடையில் மனிதர் செய்த காரியங்கள் சில உண்டு. அவை யாவை, அவற்றுள் ஒரு கடலோரச் சிற்றூர் தானே செய்துகொள்ளத்தக்கவை எவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புயலின் மூன்று படைக்கலங்கள்

புயல் என்றவுடன் நமக்கு நினைவு வருவது காற்று. ஆனால், புயல் காற்றினால் மட்டும் கொல்வதில்லை. காற்று, மழை, கடற்பெருக்கு என மூன்று படைக்கலங்கள் அதற்கு உண்டு.

காற்றின் வேகம் இரு மடங்கானால், அது ஒரு சுவரின்மீது செலுத்தும் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் குடையைத் திருப்பிவிடும் காற்று, 180 கிலோமீட்டர் வேகத்தை அடையும்போது ஒன்பது மடங்கு அழுத்தத்துடன் மோதுகிறது. ஓட்டுக் கூரைகளும் தகரக் கூரைகளும் இதனைத் தாங்கமாட்டா. காற்றில் பறந்துவரும் தகரத் துண்டு வாளுக்கு ஒப்பானது. ஆகையால், புயல் வேளையில் வெளியே நிற்பவர்க்கு உண்டாகும் ஆபத்தில் பெரும்பகுதி பறக்கும் பொருள்களாலும் விழும் மரங்களாலும் நேர்வது.

காற்றைப் பற்றி மக்கள் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. புயலின் நடுவில் "கண்" எனப்படும் அமைதியான பகுதி இருக்கிறது. அது ஓர் ஊரின் மேலாகக் கடக்கும்போது காற்று திடீரென அடங்கும்; சில வேளைகளில் வானமும் தெளியும். புயல் ஓய்ந்தது எனக் கருதி மக்கள் வெளியே வருவர். ஆனால், சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வலிமையுடன் காற்று மீண்டும் வீசத் தொடங்கும். முதற் காற்றில் தளர்ந்து நின்ற சுவர்களும் மரங்களும் இரண்டாம் காற்றில் வீழும். வானிலை நிலையத்தார் அறிவிக்கும் வரையில் புகலிடத்தை விட்டு வெளியே வரலாகாது என்பதன் காரணம் இதுவே.

இரண்டாவது படைக்கலம் மழை. இது கடற்கரையோடு நின்றுவிடுவதன்று. 1999-ஆம் ஆண்டுப் புயல் கரையேறிய பின்னரும் விரைந்து நகராமல் ஒரு நாளுக்கு மேல் கடலோரப் பகுதியிலேயே தங்கி மழையைக் கொட்டியது, ஆறுகள் கரைபுரண்டன.

மூன்றாவதும் மிகக் கொடியதும் கடற்பெருக்கு ஆகும். புயலின் நடுவில் வளிமண்டல அழுத்தம் குறைந்திருப்பதால், அங்குக் கடல்மட்டம் சற்று உயர்கிறது. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். பைலின் புயலின் நடுவில் அழுத்தம் 940 மில்லிபாராக இருந்தது. இது வழக்கமான அளவைவிட 70 மில்லிபார் குறைவு; ஆகவே, இக்காரணத்தால் மட்டும் உயரக்கூடிய அளவு 70 சென்டிமீட்டரே. பெருக்கின் பெரும்பகுதியை உண்டாக்குவது காற்றே ஆகும். கரையை நோக்கி வீசும் காற்று கடல்நீரைத் தள்ளிக்கொண்டு வருகிறது. கரையோரக் கடல் ஆழமற்றதாயின், தள்ளப்பட்ட நீர் கீழ் வழியாகத் திரும்பிச் செல்ல இடமின்றிக் கரையின்மேல் ஏறுகிறது. ஒடிசாவின் வடபகுதியில் கடலடித்தளம் நெடுந்தூரம் ஆழமற்றிருப்பதால் பெருக்கு மிகும். கோபால்பூரையொட்டிய தென்பகுதியில் கடல் விரைவில் ஆழமாவதால் அது ஒப்பளவில் குறையும். புயல் கரையேறும் வேளை கடலின் ஓத ஏற்ற வேளையாகவும் அமைந்துவிட்டால் இரண்டும் கூடிப் பெருந்தீங்கு விளையும்.

ஒரு கனமீட்டர் நீரின் எடை ஒரு டன் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். இடுப்பளவு நீர் ஓட்டமெடுத்தால் வலியவரும் நிற்க இயலாது. மண்சுவர் நிற்க இயலாது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. காற்றிலிருந்து உறுதியான வீடு காக்கும். கடற்பெருக்கிலிருந்து உயரமும் தொலைவுமே காக்கும். இவ்வுண்மையே கடலோர ஊரின் ஏற்பாடுகள் அனைத்துக்கும் அடிப்படை.

1999 கற்பித்த பாடம்

1999-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள், அதாவது பெரும்புயலுக்குப் பன்னிரண்டு நாள்களுக்கு முன்னர், கோபால்பூர் அருகே மற்றொரு புயல் கரையேறியது. அதன் புண் ஆறுவதற்குள் பாராதீப்பில் பேரிடி விழுந்தது. வானிலைத் துறையினர் முன்னறிவிப்புச் செய்யாமல் இல்லை. புயல் வருகிறது என்னும் செய்தி தலைநகரை எட்டியது, வானொலியிலும் கூறப்பட்டது. ஆயினும் செய்தியைக் கேட்ட மீனவன், "வீட்டை விட்டு எங்கே போவேன்?" எனக் கேட்டிருந்தால், அவனுக்கு விடையளிக்கப் பெரும்பாலான ஊர்களில் ஒன்றும் இருக்கவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தார் கட்டிய புயற் புகலிடங்கள் அக்காலத்தில் இருபத்து மூன்றே. அவை இருந்த இடங்களில் மக்கள் பிழைத்தனர். இல்லாத இடங்களில் மண்சுவர் வீடுகளில் தங்கி மாண்டனர். புயல் வீசத் தொடங்கியவுடன் தந்தி, தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன.

எச்சரிக்கை என்பது செய்தி மட்டுமன்று என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம். செய்தியை உண்டாக்குவது விஞ்ஞானம். அதனைக் கடைசி வீடு வரையில் கொண்டு சேர்ப்பது ஆட்சி. அதனைக் கேட்டு நடப்பது மக்களின் பயிற்சி. நடப்பதற்கு ஓர் இடம் அமைத்துத் தருவது பொறியியல். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் ஏனைய மூன்றும் பயனற்றுப்போகும்.

இப்பாடத்தை ஒடிசா அரசாங்கம் விரைந்து கற்றுக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலேயே பேரிடர்த் தணிப்புக்கெனத் தனி ஆணையம் ஒன்றை நிறுவியது. மாநிலம் ஒன்று இத்தகைய ஆணையத்தை அமைத்தது நம் நாட்டில் அதுவே முதல் முறை. 2001-இல் பேரிடர் விரைவுப் படை ஒன்றும் அமைக்கப்பட்டது. பைலின் வந்தபோது, துர்க்கா பூஜைக் காலமாயிருந்தும், அதிகாரிகளின் விடுமுறை நீக்கப்பட்டு, ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் தாழ்நிலங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டனர்.

எச்சரிக்கையின் நான்கு படிகள்

பைலின் 2013 அக்டோபர் 8-ஆம் நாள் அந்தமான் கடற்பகுதியில் தாழ்வு மண்டலமாக உருவெடுத்தது. கரையேற நான்கு நாள்கள் இருந்தன. இந்நாள்களை வீணாக்காமல் பயன்படுத்துவதற்கென்றே இந்திய வானிலைத் துறை எச்சரிக்கையை நான்கு படிகளாக வகுத்துள்ளது.

முதற்படி, 72 மணி நேரத்துக்கு முன்னர் உயர் அதிகாரிகளுக்கு விடுக்கப்படும் கவன அறிவிப்பு. இரண்டாம் படி, கடலோரத்தில் கொடிய வானிலை தொடங்குவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்னர் வரும் மஞ்சள் எச்சரிக்கை. மூன்றாம் படி, 24 மணி நேரத்துக்கு முன்னர் வரும் செம்மஞ்சள் எச்சரிக்கை. இதில் கரையேறும் இடமும், காற்றின் வேகமும், கடற்பெருக்கின் அளவும் கூறப்படும். நான்காம் படி, புயல் கரையேறுவதற்கு 12 மணி நேரத்துக்கு முன்னர் வரும் சிவப்பு அறிவிப்பு. இது புயல் உள்நாட்டில் எவ்வழியே செல்லும் என்பதையும் உரைக்கும்.

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயற்கூண்டு நம் மக்களுக்கு நன்கு தெரிந்ததே. ஆனால், ஒன்று முதல் பதினொன்று வரையிலான அக்கூண்டுகள் கப்பல்களுக்கென ஏற்பட்டவை. குடிமக்கள் கவனிக்க வேண்டியது மேற்கூறிய நான்கு படிகளையே.

ஆயத்தமான ஊரில் ஒவ்வொரு படிக்கும் உரிய வேலை முன்னரே எழுதி வைக்கப்பட்டிருக்கும். மஞ்சள் நிலையில் கடலுக்குச் சென்ற படகுகள் கரைக்கு அழைக்கப்படும். புதிதாக எவரும் கடலுக்குச் செல்லார். புகலிடத்தின் நீர்த்தொட்டி நிரப்பப்படும். மின் ஆக்கி இயக்கிப் பார்க்கப்படும். செம்மஞ்சள் நிலையில் முதியோரும், கருவுற்ற பெண்களும், நோயாளிகளும், கைக்குழந்தைகளும் முதலில் புகலிடம் சேர்வர், படகும் வலையும் மேட்டுக்கு இழுக்கப்படும், கால்நடைகள் கட்டவிழ்க்கப்படும். சிவப்பு அறிவிப்பு வரும்போது தாழ்நில வீடுகளில் ஒருவரும் இருத்தலாகாது. இருட்டிலும் காற்றிலும் மக்களை நடத்திச் செல்வது புயலை எதிர்கொள்வதினும் ஆபத்தானது. ஆகவே பகல் வெளிச்சத்திலேயே இவ்வேலைகள் முடிவுறல் வேண்டும்.

செய்தியைக் கடைசி வீடு வரையில் சேர்ப்பதற்கு ஒரே வழியை நம்புவது பேதைமை. ஒடிசாவின் 480 கிலோமீட்டர்க் கடற்கரையில், ஆறு கடலோர மாவட்டங்களில், 122 அபாயச் சங்குக் கோபுரங்கள் நிறுவப்பட்டு 2018-இல் இயங்கத் தொடங்கின. தலைநகரிலிருந்தோ மாவட்டத்திலிருந்தோ ஒரு பொத்தானை அழுத்தினால் சங்கு ஒலிக்கும். ஆனால், யந்திரம் பழுதுறக் கூடியது, மின்சாரம் அறக்கூடியது. எனவே கைப்பேசிச் செய்தி, வானொலி, கோயில் ஒலிபெருக்கி, வீடு வீடாகச் சென்று சொல்லும் இளைஞர் எனப் பல வழிகள் ஒன்றுக்கொன்று துணையாக நிற்றல் வேண்டும். மொழியும் கருதத்தக்கது. கஞ்சம் கரையில் வாழும் நோலியா மீனவர் பலர் தெலுங்கு பேசுவோர். அவர்களுக்கு விளங்காத மொழியில் உரைக்கப்படும் எச்சரிக்கை, உரைக்கப்படாத எச்சரிக்கைக்கு ஒப்பானதே.

புயற் புகலிடம்

ஒடிசாவில் இன்று புயலுக்கும் வெள்ளத்துக்குமான புகலிடக் கட்டடங்கள் எண்ணூறுக்கும் மேற்பட்டுள்ளன. இவற்றின் அமைப்பு எளிமையானது; ஆனால் ஒவ்வோர் உறுப்புக்கும் காரணம் உண்டு. கட்டடம் தூண்களின்மேல் நிற்கிறது. கீழ்த்தளத்தில் சுவர் கிடையாது. கடல்நீர் புகுந்தால் தூண்களின் ஊடே ஓடிச் செல்லுமேயன்றிச் சுவரை மோதிக் கட்டடத்தைச் சாய்க்காது. மக்கள் தங்குவது மேல்தளத்தில். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகக் காற்றையும் தாங்குமாறு இவை கட்டப்படுகின்றன. படிக்கட்டோடு சாய்தளமும் உண்டு. நடக்க இயலாதவரைத் தூக்கிச் செல்லவும், சக்கர நாற்காலியை ஏற்றவும் அது உதவும். பெண்களுக்குத் தனி அறையும் கழிவிடமும் இன்றியமையாதவை. இவை இல்லாத இடத்துக்குப் பெண்கள் வரத் தயங்குவர்; அத்தயக்கம் உயிரைப் பலிகொள்ளும்.

பத்து ஆண்டுகளில் பத்து நாள்களே பயன்படும் கட்டடம் எவ்வாறு நல்ல நிலையில் இருக்கும்? பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் வௌவால் குடியேறும், கதவு துருவேறும், சாவி எவரிடம் உள்ளது என்பதே மறந்துபோகும். ஆகையால் ஏனைய நாள்களில் இவை பள்ளியாகவும், அங்கன்வாடியாகவும், ஊர்க் கூட்டம் கூடும் இடமாகவும் பயன்படுத்தப்படுகின்றன. தம் குழந்தைகள் நாள்தோறும் செல்லும் கட்டடத்தின் வழி தாய்மாருக்குத் தெரியும். அதன் உறுதியில் நம்பிக்கையும் இருக்கும். பராமரிப்பு அந்தந்த ஊராரின் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. மின் ஆக்கி, மரம் அறுக்கும் விசைவாள், மிதவை அங்கி, தூக்குக் கட்டில், சமையற் பாத்திரங்கள் முதலியன அங்கேயே வைக்கப்படுகின்றன. சாலையில் விழுந்த மரத்தை அறுப்பதற்கு வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டுமாயின், அவர் வரும் வழியிலும் மரங்கள் விழுந்திருக்கும் அன்றோ?

ஊராரே முதற் படை

பேரிடர் நேர்ந்தபின் வெளியுதவி வந்து சேர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். இடிபாட்டிலிருந்து மீட்கப்படுவோரில் பெரும்பாலோர் அண்டை வீட்டாராலேயே மீட்கப்படுகின்றனர் என்பது எங்கும் கண்ட அனுபவம். எனவே ஒவ்வொரு புகலிடத்தையும் சார்ந்து, மீட்புக் குழு, முதலுதவிக் குழு, புகலிட நிருவாகக் குழு என ஊர் இளைஞரும் மகளிரும் பிரித்துப் பயிற்றப்படுகின்றனர்.

இக்குழுக்களின் கையில் இருக்க வேண்டிய மிகச் சிறந்த கருவி ஒரு நோட்டுப் புத்தகமே எனலாம். எந்த வீட்டில் எத்தனை பேர். அவர்களுள் நடக்க இயலாதவர் யார். அடுத்த மாதம் பிள்ளை பெறவிருப்பவள் யார். நாள்தோறும் மருந்து உண்ண வேண்டியவர் யார். தனியே வாழும் கிழவியை அழைத்துவரும் பொறுப்பு யாருடையது. கடலில் உள்ள படகுகள் எத்தனை என்பன அதில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். புகலிட வாயிலில் பெயர்களைச் சரிபார்க்கும்போது, வராதவர் எவர் என்பது உடனே புலப்படும். இல்லையேல், "எல்லாரும் வந்துவிட்டனர்" என்னும் ஊகத்தின்மேல் கதவு சாத்தப்படும்.

மக்கள் வீட்டை விட்டு வர மறுப்பதை அறியாமை என்று இகழ்வது தவறு. ஒரு மீனவக் குடும்பத்தின் சொத்து முழுவதும் அதன் படகும் வலையுமே. அவற்றை விட்டு வா என்பது, வாழ்வை விட்டு வா என்பது போலவே அவர்களுக்குத் தோன்றும். ஆட்டையும் பசுவையும் விட்டு வர ஒரு மூதாட்டிக்கு மனம் வருவதில்லை. முன்னொரு முறை எச்சரிக்கை வந்து புயல் வேறிடம் சென்றிருந்தால், இம்முறையும் அவ்வாறே ஆகும் என்று எண்ணுவோர் பலர். இவர்களுக்கு அதட்டல் மருந்தாகாது. படகைக் கட்டிவைக்க மேட்டில் ஓரிடம், வீட்டுப் பொருளுக்குக் காவல், பத்திரங்களையும் ரேஷன் அட்டையையும் நனையாமல் வைக்கப் பிளாஸ்டிக் பை, புகலிடத்தில் சூடான உணவு என்பவற்றை உறுதி செய்தால் அவர்கள் தாமே வருவர். புயல் திசை மாறிச் சென்ற நாளை ஏமாற்றமாகக் கருதாமல், செலவின்றிக் கிடைத்த ஒத்திகையாகக் கருதும் மனப்பான்மையும் வளரவேண்டும்.

ஒத்திகை இன்றேல் இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். ஒடிசாவில் ஆண்டுதோறும் புயற் பருவங்களையொட்டிப் புகலிட ஒத்திகைகள் நடத்தப்படுகின்றன. 1999-இல் பேரழிவு நேர்ந்த அக்டோபர் 29-ஆம் நாள் பேரிடர் ஆயத்த நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஒத்திகையில் சாவி கிடைக்கவில்லை, சங்கு ஒலிக்கவில்லை, சாய்தளத்தில் மணல் மூடியுள்ளது என்பன வெளிப்பட்டால் அது தோல்வியன்று. ஒத்திகையின் பயன் அதுவே.

காலம் குறைந்த பகை

புயல் நான்கு நாள் அவகாசம் தரும் பகை. சுனாமியோ அவ்வாறன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை 6 மணி 29 நிமிடத்துக்குச் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அலை தமிழகக் கரையை அடைந்தது. தமிழ்நாட்டில் மட்டும் மாண்டோர் ஏறத்தாழ 8,000 பேர். அன்று அந்த இரண்டரை மணி நேரமும் இருந்தது; எச்சரிக்கை இருக்கவில்லை.

சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் அது மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வேகத்தில் விரையும். ஆயினும் அங்கு அதன் உயரம் மிகக் குறைவு. கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய வேகம் தணிந்து உயரம் பெருகும். இவ்வேகம் கணக்கிடத்தக்கதாதலால், நில அதிர்ச்சி நேர்ந்த இடம் தெரிந்தவுடன் அலை எவ்வூரை எப்போது அடையும் என்பதைக் கூறமுடியும். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் 2007-ஆம் ஆண்டு முதல் இதற்கெனத் தனி நிலையம் இயங்கி வருகிறது. அதிர்ச்சி நேர்ந்த ஏறத்தாழ பத்து நிமிடங்களில் முதல் அறிக்கை வெளியிடப்படும். கடலடி அழுத்தமானிகளும் ஓதமானிகளும் அலை உண்மையில் எழுந்துள்ளதா என்பதை உறுதி செய்யும்.

கோபால்பூருக்கு அண்மையில் ரங்கெய்லுண்டா வட்டாரத்தில் வெங்கட்ராய்பூர் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. 2020 ஆகஸ்டு மாதத்தில் இவ்வூரும், ஜகத்சிங்பூர் மாவட்டத்து நோலியாசாகியும் யுனெஸ்கோவின் அரசிடைக் கடலியல் ஆணையத்தால் "சுனாமிக்கு ஆயத்தமான ஊர்" என ஏற்பளிக்கப்பட்டன. இந்தியப் பெருங்கடல் வட்டாரத்திலேயே இவ்வேற்பைப் பெற்ற முதல் ஊர்கள் இவை. 2024 நவம்பரில் ஒடிசாவின் மேலும் 24 ஊர்கள் இவ்வரிசையில் சேர்ந்தன.

இவ்வேற்புக்கு இன்றைய விதிமுறையில் பன்னிரண்டு அளவுகோல்கள் உள்ளன. நீர் ஏறக்கூடிய பகுதி வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளதா? அப்பகுதியில் வாழ்வோர் எத்தனை பேர் என்பது கணக்கிடப்பட்டுள்ளதா? எளிதில் விளங்கும் வெளியேற்ற வரைபடம் உண்டா? வழிகாட்டும் பலகைகள் நடப்பட்டுள்ளனவா? ஆண்டுக்கு மூன்று முறையேனும் மக்களுக்கு விளக்கம் தரப்படுகிறதா? இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் ஒத்திகை நடைபெறுகிறதா? இரவும் பகலும் எச்சரிக்கையைப் பெறவும் பரப்பவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டா? இவை போன்றனவே அவை. இவற்றுள் விலைமிக்க யந்திரத்தை வேண்டுவன மிகச் சிலவே என்பதை வாசகர்கள் கவனிக்கலாம். இவ்வேற்பு நிலையானதும் அன்று. குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படல் வேண்டும்.

புயலுக்கும் சுனாமிக்கும் மக்கள் நடந்துகொள்ள வேண்டிய முறையில் வேறுபாடுகள் உண்டு. புயல் எச்சரிக்கை வந்தால் கடலில் உள்ள படகு கரைக்குத் திரும்பவேண்டும். சுனாமி எச்சரிக்கை வந்தால் ஆழ்கடலில் உள்ள படகு அங்கேயே நிற்கவேண்டும். புயலுக்கு முன் பொருள்களைக் கட்டிவைக்க நேரம் உண்டு. சுனாமிக்கு முன் உயிரோடு மேட்டுக்குச் செல்லவே நேரம் உண்டு. முதல் அலை வடிந்ததும் திரும்பலாகாது. பின்வரும் அலை பெரிதாயிருக்கலாம். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் சங்கொலிக்குக் காத்திராமல் ஓடவேண்டும். ஆயினும், தொலைவில் நேரும் அதிர்ச்சி ஒடிசாக் கரையில் உணரப்படாமலே போகலாம். ஆதலின் சங்கையும் செய்தியையும் புறக்கணித்தல் கூடாது.

எஞ்சி நிற்கும் குறைகள்

இவ்வளவும் கூறியதனால் வேலை முடிந்துவிட்டது என்று கருதலாகாது. 2018 அக்டோபர் 11-ஆம் நாள் கரையேறிய தித்லி புயலின்போது, கடலோரத்தைவிட மிகுந்த உயிர்ச்சேதம் உள்நாட்டில் நேர்ந்தது. கஜபதி மாவட்டத்து மலைப்பகுதியில் கனமழையினால் நிலம் சரிந்து, மழைக்கு ஒதுங்கியிருந்தோரில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலையே நோக்கியிருந்த கண்கள் மலையை நோக்கவில்லை. 2019 மே 3-ஆம் நாள் பூரியை அடுத்துக் கரையேறிய ஃபானி புயலுக்கு முன்னர் ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். ஆயினும் 64 பேர் மாண்டனர்.

உயிர் பிழைத்தபின் வாழ்வது எப்படி என்பது அதனினும் பெரிய வினா. பைலினுக்குப் பின் கஞ்சம் மாவட்டத்தில் பல நாள் மின்சாரம் இல்லை. மணற்கரையில் வளர்ந்து, மலரின் நறுமணத்தால் பல குடும்பங்களுக்குச் சோறிட்ட தாழைப் புதர்கள் சேதமுற்றன. படகு உடைந்தவன் உயிரோடிருந்தும் தொழிலிழந்தான். 2018 நவம்பரில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலுக்குப் பின், தென்னை இழந்த நம் உழவரும் இதனையே கண்டனர். படகுக்கும் வீட்டுக்கும் காப்பீடு, புயல் தாங்கும் வீடு, விரைவில் சீர்செய்யத்தக்க மின்கம்பிகள் ஆகியன ஆயத்தத்தின் அடுத்த படி.

இயற்கையே அமைத்த அரணையும் அழியாது காத்தல் வேண்டும். கேந்திரபாரா மாவட்டத்தில் 1999-ஆம் ஆண்டுப் புயலில் நேர்ந்த உயிர்ச்சேதத்தை ஆராய்ந்த சௌதாமினி தாஸ், ஜெஃப்ரி வின்சென்ட் என்னும் அறிஞர்கள், கடலுக்கும் ஊருக்கும் இடையே அலையாத்திக் காடு அகன்றிருந்த ஊர்களில் மாண்டோர் தொகை குறைவாயிருந்ததை 2009-இல் வெளியிட்டனர். கோபால்பூர் போன்ற மணற்கரையில் அலையாத்தி வளராது. அங்கு மணல்மேடும், சவுக்கும், தாழையுமே அரண். விடுதி கட்டவும் சாலை போடவும் மணல்மேட்டை வெட்டுவோர், தம் கோட்டைச் சுவரைத் தாமே இடிப்போராவர்.

முடிவுரை

சிறிய ஊர் என்பது குறையன்று. ஒருவகையில் அது வலிமையே. ஏழாயிரம் பேர் வாழும் ஊரில் ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவர் ஒருவர் இருப்பார். மாநகரில் இயலாத இந்த அறிமுகமே பேரிடர் வேளையில் பெருந்துணையாகும்.

நம் கடற்கரையில் வாழும் வாசகர்கள் இன்றே தம்மைத் தாமே சில வினாக்கள் கேட்டுக்கொள்வது நலம். நம் தெரு கடல்மட்டத்துக்கு எத்தனை மீட்டர் உயரத்தில் உள்ளது? புகலிடத்துக்கு நடந்து செல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதன் சாவி யாரிடம் உள்ளது? மூன்று நாளைக்கு வேண்டிய அவலும், வெல்லமும், குடிநீரும், மருந்தும் வீட்டில் உண்டா? அண்டை வீட்டில் நடக்க இயலாதவரை யார் தூக்கிவருவர்? இவற்றுக்கு விடை தெரிந்திருந்தால், புயல் வரும் நாளில் அச்சம் பாதியாகக் குறையும். விடை தெரியாவிடில், வானம் தெளிந்திருக்கும் இந்நாளே அதனைத் தேடுவதற்கு உரிய நாளாகும்.

புயலைத் தடுக்கும் ஆற்றல் விஞ்ஞானத்துக்கு இன்னும் வாய்க்கவில்லை. அது வரும் நாளையும் இடத்தையும் முன்னரே உரைக்கும் ஆற்றல் வாய்த்துள்ளது. அவ்வுரையைக் கேட்டு எழுந்து நடக்கும் பழக்கத்தை ஊரார்தாம் தமக்குள் வளர்த்துக்கொள்ள வேண்டும். கோபால்பூர்க் கரையில் 2013-ஆம் ஆண்டு அவ்விரவில் பிழைத்த மக்கள் இதற்குச் சான்று பகர்கின்றனர்.